கதவைத் தட்டுங்கள், ஆனால் அனுமதி கேட்டுத் தட்டுங்கள்!



கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உங்கள் வீட்டுக் கதவை யார் யார் தட்டினார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

தேர்தலுக்கு முதல் வாரம் கட்சிக்காரர் அரிசிப் பையோடு வந்தார். லயன் வீட்டில் இருந்தவர்களுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்தது. பையனைத் தேடி விடியற்காலை நான்கு மணிக்குப் போலீஸ் வந்தது. கடன் வசூலிக்க ஆலோங் ஆள் வந்தான். கதவைத் திறக்காத வீட்டில் சிவப்புச் சாயத்தை வீசிவிட்டுப் போனான். டிங்கிக் கொசுவுக்காகச் சுகாதார அதிகாரி வந்து, பூச்சட்டியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து அபராதச் சீட்டுக் கொடுத்தார். நல்ல காரியத்துக்கு வந்தவர் யார் என்று கேட்டால், பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்த்துவிட்டுப் போன அரசாங்க மிஸ்ஸியைத்தான் சொல்ல முடியும்.

எச்.ஐ.வி. பற்றிப் பேசவும், விருப்பமிருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கவும், முடிவைச் சொல்லி அடுத்து என்ன செய்வது என்று தமிழில் விளக்கவும் யாராவது உங்கள் வாசலுக்கு வந்ததுண்டா?

"எச்.ஐ.வி.யா? நம் குடும்பத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று இத்தோடு படிப்பதை நிறுத்தப் போகிறீர்களா? நிறுத்தாதீர்கள். இதை எழுதுவதே உங்களுக்காகத்தான். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் கேட்டேன்.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், லோரி ஓட்டியவர். 2003-இல் விடாத இருமலும் காய்ச்சலுமாக மூன்று முறை மருத்துவமனைக்குப் போய் வந்தார். மூன்றாவது முறைதான் எச்.ஐ.வி. சோதனை எடுத்தார்கள். முடிவு வந்து ஆறு வாரத்தில் அண்ணன் போய்விட்டார். சாவு வீட்டில் சொன்னது 'நுரையீரல் கோளாறு'. கருமாதி முடிந்தது, எல்லாரும் கலைந்து போனோம். அண்ணியிடம் "நீயும் ஒரு சோதனை எடுத்துக்கொள்ளம்மா" என்று சொல்ல அந்த மருத்துவமனையிலிருந்து ஒருவர் வரவில்லை. ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு கூட இல்லை. குடும்பத்தில் விஷயம் தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அண்ணி படுத்த படுக்கையான பிறகுதான் சோதித்தார்கள். அவருக்கும் இருந்தது. மருந்து கிடைத்தது, பிழைத்துக்கொண்டார். இன்றைக்குப் பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறார். அவர் சம்மதம் கொடுத்ததால் இதை எழுதுகிறேன். பெயரை எழுத மாட்டேன்.

அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு மிஸ்ஸி, ஒரே ஒரு நாள் சாயங்காலம், அந்த வீட்டுப் படியேறியிருந்தால்? இந்தக் கேள்வி இருபது ஆண்டுகளாக என்னைத் தூங்கவிடவில்லை.

நாட்டின் கதையையும் கொஞ்சம் பார்ப்போம். மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் கண்டறியப்பட்டது. 2002-இல் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. ஒரே ஆண்டில் அத்தனை பேர் பதிவானது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலும் போதை ஊசி வழியாகப் பரவியது. அதனால் 'போதைப் பித்தர் நோய்' என்று பெயர் வைத்தார்கள், நம்மவர்களும் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். 2005-இல் மெதடோன் மருந்து, 2006-இல் சுத்தமான ஊசி வழங்கும் திட்டம் என்று வந்த பிறகு ஊசி வழிப் பரவல் நன்றாகக் குறைந்தது. இன்றைக்குப் புதிய தொற்றுகளில் பெரும்பகுதி உடலுறவு வழியாக வருகிறது. ஆனால் நம் மண்டையில் இன்னும் 1995-ஆம் ஆண்டுப் படம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

போதை ஊசிக் காலத்தில் அரசாங்கம் சோதனையே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். செய்தது, நிறையவே செய்தது. எங்கே செய்தது தெரியுமா? சிறைச்சாலையில்! செரெந்தி புனர்வாழ்வு மையத்தில்! உள்ளே வந்தவரின் கையை நீட்டச் சொல்லி இரத்தம் எடுத்தார்கள். சம்மதமா என்று கேள்வி இல்லை. 'பாசிட்டிவ்' என்று வந்தவரைச் சிறையில் தனியாகப் பிரித்து வைத்தார்கள். மற்றவர்களுக்கு அதுவே அறிவிப்புப் பலகையாகிவிட்டது. அப்படி உள்ளே போய் வந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தாமானுக்குத் தாமான் கேட்டுப் பாருங்கள். கம்பிக்குள் இருந்தவரிடம் கேட்காமலே எடுத்த சோதனையை, வெளியே வீட்டில் இருந்த அவர் மனைவிக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தால்தானே கேட்பார்!

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அரசாங்க கிளினிக்கில் பெயர் கொடுக்காமலே சோதித்துக்கொள்ள வழி இருக்கிறது. முதல் நிலை மருந்து, குடிமக்களுக்கு, அரசாங்க மருத்துவமனைகளில் இலவசம். மலேசிய எய்ட்ஸ் மன்றத்தோடு சேர்ந்து இயங்கும் அமைப்புகள் கிளினிக்குக்கு வெளியேயும் போய்ச் சோதனை செய்கின்றன. அந்தத் தொண்டர்களை நான் குறை சொல்லவில்லை. இருக்கிற வசதி நம் ஆட்களிடம் வந்து சேரவில்லை என்பதுதான் வழக்கு.

ஏன் சேரவில்லை? 1980-களிலிருந்து தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோது, லயன் வீட்டிலிருந்து கிளப்பப்பட்ட குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளில் வந்து விழுந்தன. அங்கே இருப்பவர் யார்? பாதுகாவலராகப் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், லோரி ஓட்டுநர், நாள் சம்பளத்துக்குத் துப்புரவு வேலை செய்யும் அக்கா. கிளினிக் காலையில் திறக்கும், சாயங்காலம் மூடும். அரை நாள் வரிசையில் உட்கார்ந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. கட்டணம் ஒரு வெள்ளிதானே என்று அதிகாரி சொல்வார். அந்த ஒரு வெள்ளிக்காகப் போகும் நாற்பது வெள்ளியை அவர் கணக்கில் எழுதுவதில்லை.

சரி, போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். முகப்பில் இருப்பவர் மலாயில் உரக்கக் கேட்கிறார், "எதற்கு வந்தீர்கள்?" பின்னால் வரிசையில் நிற்பது பக்கத்து மாடி அம்மா. "தலைவலி" என்று சொல்லிப் பெனடோல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவர்களை நான் அறிவேன். நீங்களும் அறிவீர்கள்.

வீட்டுக்கே போய்ச் சோதிப்பது புதுப் புரட்சியா என்ன? உகாண்டாவின் புஷெனி மாவட்டத்தில் 2004-க்கும் 2007-க்கும் இடையில் வீடு வீடாகப் போய்ச் சோதனையும் ஆலோசனையும் கொடுத்தார்கள். கேட்ட இடத்தில் பெரும்பாலோர் சரி என்றார்கள். சோதித்துக்கொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் சோதனை! வராத கூட்டம் என்று கிளினிக் சொல்லிக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். பயந்தவர்கள் என்பதைவிட, யாரும் கேட்காதவர்கள் என்பதே பொருத்தம்.

லெசோத்தோ என்ற சின்ன நாட்டைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் கதை: 2005 டிசம்பரில் அந்த அரசாங்கம், 2007 முடிவதற்குள் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் வீட்டு வாசலிலேயே சோதனை என்று முழங்கியது. கிராமத்து ஆட்களைப் பிடித்து அரைகுறைப் பயிற்சி கொடுத்து அனுப்பியது. இலக்கின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. 2008-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, பயிற்சியும் மேற்பார்வையும் போதவில்லை, மக்களின் உரிமைக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்று கிழித்துத் தோரணம் கட்டியது. எண்ணிக்கை வெறி பிடித்த அரசாங்கம் எதைச் செய்தாலும் இப்படித்தான் முடியும். நம் நாட்டிலும் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது கதை: அதே நாட்டில், புத்தா புத்தே மாவட்டத்தில், பத்தாண்டு கழித்து ஓர் ஆய்வு நடந்தது. வீட்டில் சோதித்துத் தொற்று இருப்பது தெரிந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அன்றைக்கே, அந்த வீட்டிலேயே, மருந்து தொடங்க வாய்ப்புக் கொடுத்தார்கள். மற்றவர்களை வழக்கம்போல் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். மூன்று மாதத்துக்குள் சிகிச்சையில் சேர்ந்தவர்கள், வீட்டில் மருந்து பெற்ற பிரிவில் 100-க்கு 69 பேர், கிளினிக்குக்கு வரச் சொன்ன பிரிவில் 43 பேர். ஓராண்டு கழித்து இரத்தத்தில் கிருமி அடங்கியிருந்தது முன்னவர்களில் 50 பேருக்கு, பின்னவர்களில் 34 பேருக்கு. 2018-இல் வெளியான முடிவு இது. வீட்டில் சோதித்துவிட்டு "நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்க" என்று கையைக் கழுவினால் பாதிப் பேர் வழியிலேயே தொலைந்து போகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஸாம்பியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 2013 முதல் 2018 வரை 21 ஊர்களில், ஏறத்தாழ 10 இலட்சம் மக்களிடையே, வீடு வீடாகப் போன பெரிய ஆய்வும் உண்டு. ஒரு பிரிவில் புதிய தொற்று 30 விழுக்காடு குறைந்தது, இன்னொரு பிரிவில் 7 விழுக்காடுதான். ஏன் இந்த வித்தியாசம் என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஆகவே இது மந்திரக்கோல் என்று உங்களிடம் சொல்ல நான் தயாராக இல்லை.

"அது ஆப்பிரிக்கா, அங்கே ஊருக்கு ஊர் தொற்று. இங்கே ஆயிரம் கதவு தட்டினால் ஒருவர் கிடைப்பாரா? வீண் செலவு!" என்பார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எல்லாக் கதவையும் தட்டு என்று நான் கேட்கவில்லை. தொற்று உள்ளவர் சம்மதித்தால் அவருடைய துணைக்கும் குடும்பத்துக்கும் போய்ச் சொல்லிச் சோதிக்க உதவ வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2016-இல் சொல்லியிருக்கிறது. அண்ணியின் வீடு அந்த வகை வீடுதான். அடுத்தது, சிறையிலிருந்தும் புனர்வாழ்வு மையத்திலிருந்தும் திரும்பியவர்களின் குடும்பங்கள், அவர்கள் விரும்பினால் மட்டும். பிறகு, 'எனக்கு வேண்டும், வீட்டுக்கு வாருங்கள்' என்று தொலைபேசியில் கேட்கும் எவரும். இதற்கு எத்தனை கோடி ஆகிவிடும்?

செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2021-இல் கோவிட் தடுப்பூசியை, படுக்கையில் கிடந்த முதியவர்களின் வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டது இதே சுகாதார அமைச்சு. மூக்கில் குச்சி விட்டு நாமே சோதிக்கும் கருவியைப் பேரங்காடியில் விற்க அனுமதித்ததும் இதே அமைச்சு. நாடே வீட்டில் உட்கார்ந்து சோதித்தது. வேறொரு சாதனையும் உண்டு. 1998-இல் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. சோதனை தொடங்கியது. இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 2018-இல், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் நாடு நாம்தான். எப்படி முடிந்தது? தாய் எங்கே வருகிறாரோ அங்கே சோதனையை வைத்தார்கள், விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஆக, முடியாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். கர்ப்பிணிக்கு முடிந்தது கர்ப்பிணியின் கணவனுக்கும், பிள்ளை பெறும் வயதைக் கடந்த பெண்ணுக்கும் ஏன் முடியவில்லை?

"கருவியைக் கொடுத்தால் அவரவரே சோதித்துக்கொள்ளட்டுமே, ஆள் எதற்கு?" என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2016-லேயே சுயசோதனையைப் பரிந்துரைத்துவிட்டது. நல்லதுதான், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அந்தக் கருவியில் கோடு விழுந்தால் அது முடிவல்ல, வேறு சோதனைகளால் உறுதிப்படுத்த வேண்டும். கோடு விழாவிட்டாலும், கடந்த மூன்று மாதத்துக்குள் தொற்றியிருந்தால் அது காட்டாமல் போகலாம். இதை யார் சொல்லிப் புரியவைப்பது? நடுச்சாமத்தில், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இரண்டு கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் இருபத்து மூன்று வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். கையில் இருக்கும் தாளில் தமிழ் இல்லாவிட்டால் அவன் என்ன முடிவெடுப்பான்? ஆலோசனை என்ற சொல்லைச் சோதனையோடு சேர்த்துச் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல.

இனி, என்னோடு சண்டைக்கு வரப் போகும் நம் தலைவர்களுக்கு வருகிறேன். கோயில் தலைவர், சங்கத் தலைவர், கட்சிக் கிளைத் தலைவர் என்று தலைவர்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை (தொண்டர்களுக்குத்தான் பஞ்சம்). இரத்த தான முகாமுக்குக் கோயில் மண்டபம் கொடுப்பார்கள். கண் பரிசோதனைக்குக் கொடுப்பார்கள். எச்.ஐ.வி. என்றதும், "ஐயா, நம் சமுதாயத்தின் பெயர் கெட்டுவிடும்" என்பார்கள். பெயர்! குண்டர் கும்பலில் பெயர் கெட்டது, லாக்கப் மரணத்தில் உயிரே போனது, அப்போதெல்லாம் காக்காத பெயரை இப்போது எதற்குக் காக்கிறீர்கள்? வீட்டுக்குள் ஒரு பெண் சாகிறாள். வெளியே நீங்கள் பெயரைக் காப்பாற்றுகிறீர்கள். அண்ணியின் அந்த இரண்டு ஆண்டுகளில் பாதிப் பழி அந்த மருத்துவமனைக்கு. மறு பாதி எங்களுக்கு. நானும் அதில் சேர்த்தி.

இனிப்பான பகுதி முடிந்தது. கசப்பான பகுதியைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

வாசலில் நிற்கும் அரசாங்கத்தைக் கண்டு நம் மக்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு டிரெசரைத் தெரியும். நம் தாத்தாக்கள் காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திக் கொய்னாத் தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். மலேரியாவில் ஆள் செத்தால் பால் வெட்ட ஆளில்லை என்ற கணக்கு அது. குஷ்டம் என்று சந்தேகப்பட்டவரைச் சட்டத்தின் பேரில் வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். 1930-இல் திறந்த சுங்கை பூலோ குடியிருப்புக்குள் போன பலர் பிள்ளைகளைக்கூடத் தங்களோடு வைத்துக்கொள்ள முடியவில்லை. நம்மிடம் வந்த வைத்தியத்தில் பாதி இப்படித்தான், மருந்து ஒரு கையில், அதிகாரம் மறு கையில். அந்தப் பழைய பயத்தை 'அறியாமை' என்று பேசும் அதிகாரிகளுக்கு நம் வரலாறு தெரியவில்லை என்பேன்.

ஆகவே வீட்டுக்கு வருவதென்றால் இப்படி வாருங்கள்.

வருபவர்களில் ஒருவராவது வீட்டார் பேசும் மொழியைப் பேச வேண்டும். நம் வீட்டில் தமிழ். பக்கத்து வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பஞ்சாபியோ இருக்கலாம். "ஃபாஹாம்? ஓக்கே?" என்று கேட்டுத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு போவது சம்மதம் ஆகாது. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே விரல் குத்திச் சோதனையைச் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. ஆகவே 'தமிழ் தெரிந்த டாக்டர் இல்லை' என்ற பழைய பாட்டு செல்லாது. நம் அடுக்குமாடிகளிலேயே எஸ்.பி.எம். முடித்துவிட்டு வேலை தேடும் பெண்களும் பையன்களும் இருக்கிறார்கள், பயிற்சி கொடுங்கள், ஒழுங்கான சம்பளமும் கொடுங்கள்.

'எச்.ஐ.வி.' என்று எழுதிய வேனில் வராதீர்கள். நீல மருத்துவச் சட்டையும் பதாகையும் வேண்டாம். இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் நம்மிடம் எவ்வளவு என்பது ஊரறிந்த விஷயம். தேசிய சுகாதார ஆய்வுகளில் இனிப்புநீர் வியாதி இந்தியர்களிடம்தான் அதிகம். அந்தச் சோதனைகளோடு இதையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். உகாண்டாவிலும் கென்யாவிலும் இப்படிப் பல நோய்களுக்குச் சேர்த்தே சோதித்தார்கள். அப்போது பக்கத்து வீட்டு அம்மாவுக்கு, "அவங்க இனிப்புநீர் பாக்க வந்தாங்க" என்ற பதில் போதும். பொய்யும் அல்ல.

போலீசோடு வராதீர்கள். போதைப் பொருள் தடுப்பு அதிகாரிகளோடும் வராதீர்கள். சோதனைக்காகக் கதவைத் திறந்த வீட்டில் மறு வாரம் சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஆள் வந்தால், அந்த அடுக்குமாடியில் அதற்குப் பிறகு ஒரு கதவும் திறக்காது, பத்து ஆண்டுக்குத் திறக்காது.

வீட்டில் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். மாமியார் முன்னால் மருமகள் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? கணவன் முன்னால் 'வேண்டும்' என்றுதான் சொல்ல முடியுமா? தனித்தனியாகக் கேட்க வேண்டும். முடிவைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு அறை வீட்டில் அதற்கு இடம் இல்லையென்றால், வேறு நாள், வேறு இடம் என்று அவரே சொல்லட்டும். தொற்று தெரிந்த அன்றைக்கு அடி வாங்கும் பெண்களும் உண்டு. அவளுக்கு அந்த இரவு எங்கே போவது என்று சொல்லத் தெரியாத ஆலோசகர் அந்த வீட்டுக்குப் போகவே கூடாது.

சட்டத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி எச்.ஐ.வி. தொற்றைச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தாக வேண்டும். இதை விரல் குத்துவதற்கு முன் சொல்லுங்கள், பின்னால் அல்ல. முதலாளிக்கும் வீட்டுச் சொந்தக்காரனுக்கும் கோயில் தலைவருக்கும் அந்தத் தகவல் போகாது என்பதை எழுத்தில் கொடுங்கள். மீறினால் யாரிடம் முறையிடுவது என்பதையும் அதே தாளில் போடுங்கள். 'வேண்டாம்' என்று சொன்ன வீட்டுக்கு ஒரு குறியும் போடாதீர்கள். மறுத்தவர் மறுத்தவர்தான். அவருக்கும் இனிப்புநீர் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், மருந்துக்கு வழி செய்யாமல் சோதனைக்கு வராதீர்கள். இலவச மருந்து குடிமக்களுக்கு என்றேன். இந்த மண்ணில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமல், நீல அடையாளக் கார்டு இல்லாமல் நிற்கும் நம்மவர்களை என்ன செய்வீர்கள்? சோதித்து, 'உனக்கு இருக்கிறது, ஆனால் நீ வெளிநாட்டவர் கட்டணம் கட்ட வேண்டும்' என்பீர்களா? அதற்குச் சோதிக்காமலே இருக்கலாம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவர், உடலுறவில் பிறருக்குத் தொற்றைக் கொடுக்க மாட்டார் என்று ஆய்வுகள் சந்தேகமின்றிக் காட்டிவிட்டன. கார்டு இல்லாதவருக்கு மருந்து கொடுப்பது தர்மம் என்று நினைக்கிறவர்கள், குறைந்தபட்சம் கணக்காவது பார்க்கட்டும்.

வாசகர்களே, வேலை உங்களிடமும் இருக்கிறது. உங்கள் அடுக்குமாடியில் குடியிருப்பாளர் சங்கம் இருக்கும். அடுத்த கூட்டத்தில், லிப்ட் பழுது, குப்பை, தண்ணீர்க் கட்டணம் என்று பேசி முடித்த பிறகு, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதக் கேளுங்கள். இனிப்புநீர், இரத்த அழுத்தம், எச்.ஐ.வி. மூன்றுக்கும் சேர்த்து, தமிழ் பேசும் ஆளோடு, வேலை முடிந்து வரும் நேரத்தில், கேட்கும் வீட்டுக்கு மட்டும் வர முடியுமா என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மலாயில் ஒரு படி, தமிழில் ஒரு படி. பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள், சட்டமன்ற உறுப்பினருக்கு நகல் போடுங்கள். உங்கள் வீட்டிலேயே ஓர் அண்ணியோ தம்பியோ சோதனை எடுக்க வேண்டிய நிலையில் இருந்தால், கடிதத்துக்குக் காத்திருக்காமல் நீங்களே கூடப் போங்கள். நான் போகவில்லை.

அடுத்த தேர்தலுக்கும் அரிசிப் பையோடு ஒருவர் வருவார். பையை வாங்கிக்கொள்ளுங்கள், அது நம் வரிப்பணம்தான். வாங்கிக்கொண்டு, வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள்: "ஐயா, இந்தக் கதவு வரைக்கும் வர உங்களுக்கு வழி தெரிந்திருக்கிறதே, மிஸ்ஸிக்கு எப்போது சொல்லிக் கொடுப்பீர்கள்?"